அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதினேன்

முதல் செமஸ்டர் மார்க் தபாலில் வந்த அன்றைக்கு நான் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். கெமிஸ்ட்ரியில் டி, கால்குலஸில் சி, மற்ற இரண்டிலும் பி. அம்மா ஈரோட்டில் பதினாலு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். காகிதத்தை வாங்கிப் பார்த்தாள், மடித்தாள், சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

நாங்கள் நியூ ஜெர்ஸியில், பார்சிப்பனியில், இரண்டாவது மாடி அபார்ட்மென்ட் ஒன்றில் இருந்தோம். அத்தை ஸ்பான்சர் பண்ணி, வருஷக்கணக்காகக் காத்திருந்து கிரீன் கார்டு வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. பேங்கில் ஆபீசராக இருந்த அப்பா இங்கே ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கம்ப்யூட்டரில் விண்ணப்பங்களை ஏற்றிக்கொண்டிருந்தார். அம்மா மாத்திரை பாக்கெட் போடும் கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்தாள். நான் வீட்டிலிருந்தே காலேஜுக்கு டிரைவ் பண்ணிப் போய் வந்தேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம்.

மார்க் ஏன் குறைந்தது என்று கேட்டால் என்னிடம் காரணமே கிடையாது. காலை எட்டு மணி கெமிஸ்ட்ரி கிளாஸுக்கு ஏழே முக்காலுக்கே போய்ச் சேர்ந்துவிடுவேன். பார்க்கிங் லாட்டில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு ஐந்து நிமிஷம் கண்ணை மூடலாம் என்று சாய்வேன். முழிக்கும்போது பத்து மணி ஆகியிருக்கும். காதல் இல்லை, கெட்ட சகவாசம் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தூங்கித் தூங்கியே ஒரு செமஸ்டரைத் தொலைத்தவள் நான். இதைப் போய் யாரிடம் சொல்வது?

அப்பா மூன்று நாள் யோசித்து முடிவுக்கு வந்தார். "காலேஜ் சரியில்ல. மாத்திரலாம்."

அவர் சொன்ன காலேஜ் பெயரைக் கேட்டு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முதலில் அப்ளை பண்ணியபோதே எட்டாத இடம் அது. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களின் கணக்கு அப்படி. பிள்ளைக்கு மார்க் குறைந்தால் பிள்ளையைச் சந்தேகப்பட மாட்டார்கள், பள்ளிக்கூடத்தை மாற்றுவார்கள். அதுவும் இதைவிடப் பெரிய பள்ளிக்கூடமாகப் பார்த்து.

"இல்லீங்கப்பா, அங்கெல்லாம் நல்லா படிக்கிறவங்களைத்தான் எடுப்பாங்க."

"நீ நல்லா படிக்கிறவதானே? ஹைஸ்கூல் மார்க்க எடுத்துக் காட்டு. அஞ்சு மாசத்துல மூளை எங்க போயிரும்?"

நான் மறுத்துப் பேசவில்லை. ஒரு விஷயம் எனக்கு உடனே உறைத்துவிட்டது. அந்தக் காலேஜ் நாலு மணி நேரத் தொலைவு. போனால் ஹாஸ்டலில்தான் இருந்தாக வேண்டும். எனக்கு அந்த ரோட்டை விட்டு, அந்தக் காரை விட்டு, சாயங்காலமானால் மூன்று பேரும் மூன்று மூலையில் சுருண்டு கிடக்கும் அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். நல்ல காலேஜ் என்பதெல்லாம் அப்பாவின் ஆசை. என் ஆசை தப்பித்துப் போவது.

காலேஜில் ஆலோசனை சொல்லும் ஓர் அம்மாளிடம் போனேன். வெள்ளைக்காரி, ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் சங்கிலியோடு கண்ணாடி தொங்கும். என் மார்க்கைப் பார்த்தாள், நான் சொன்ன பெயரைக் கேட்டாள், மறுபடி மார்க்கைப் பார்த்தாள். பொதுவாக இங்கே நன்றாகப் படித்தவர்கள்தான் அங்கே மாறிப் போவார்கள் என்று பக்குவமாகச் சொன்னாள். பிறகு, இந்த செமஸ்டர் பாதி வரைக்குமாவது எல்லாவற்றிலும் ஏ வாங்கு, முதல் செமஸ்டரில் என்ன நடந்தது என்று ஒரு கட்டுரை எழுதிக் கேள், வழி இருக்கிறது என்றாள். "உண்மையை எழுது. ஆனால் அந்தப் பிரச்சினை முடிந்துவிட்டது என்று கடைசியில் காட்ட வேண்டும். முடியாத பிரச்சினையோடு வருகிறவர்களை அவர்களுக்குப் பிடிக்காது."

ஏ வாங்குவதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஆத்திரத்தில் படித்தேன், வந்தது. கட்டுரைதான் வரவில்லை. தூங்கினேன் என்று எழுத முடியுமா?

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்பா அந்தப் பொறுப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். பேங்கில் தனக்குக் கீழே இருந்தவர்களிடம் இருபது வருஷம் லீவ் லெட்டர் வாங்கிப் பழகியவர். "ரெண்டே ரெண்டு காரணந்தான் எடுபடும். சாவு, இல்லாட்டி சீக்கு. ஊர்ல தாத்தா தவறிட்டார்னு எழுதிரு."

தாத்தா ஈரோட்டில் நன்றாக இருந்தார். போன வாரம்தான் போனில், பல் கட்டியது சரியாக உட்காரவில்லை என்று அரை மணி நேரம் புலம்பியிருந்தார்.

அம்மா தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "உசுரோட இருக்கிறவரைப் போயி எதுக்குங்க அப்படி எழுதோணும்?"

"அப்ப எனக்கு நெஞ்சு வலின்னு எழுதட்டும்."

"வாயைக் கழுவுங்க" என்றாள் அம்மா. கத்தி நின்றுவிட்டது. அப்புறம் மறுபடி நறுக்க ஆரம்பித்துக்கொண்டே, "என்னைப் போட்டுக்க கண்ணு" என்றாள். "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, பாத்துக்க வேண்டியதாப் போச்சுன்னு எழுதிக்க. எனக்கு ஒண்ணும் ஆகாது."

அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை காலேஜ் கம்ப்யூட்டர் லேபில் போய் உட்கார்ந்தேன். சும்மா கதை விடத்தானே போகிறோம் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் என்ன சீக்கு என்று போடுவது? பெரிய வியாதிப் பெயராகப் போட்டால் டாக்டர் சர்டிஃபிகேட் கேட்பார்களோ என்று பயம். சரி, பெயரை விட்டுவிட்டு, அம்மா எப்படி இருந்தாள் என்று மட்டும் எழுதுவோம் என்று எழுத ஆரம்பித்தேன்.

கால் வீங்கி ஷூவில் நுழையாததால் லேஸை உருவி எறிந்துவிட்டாள் என்று எழுதினேன். அடுப்படியில் நிற்க முடியாமல் எல்லாவற்றையும் தரையில் வைத்துக்கொண்டே செய்கிறாள் என்று எழுதினேன். பேசிக்கொண்டே இருக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறாள், என்ன சொல்ல வந்தோம் என்பது அவளுக்கே தெரிவதில்லை. வேலை முடிந்து வந்து, கீழே காரை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். அப்புறம்தான் படியேறி வருகிறாள். மேலே ஜன்னலிலிருந்து நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டு பக்கம் ஆகிவிட்டது. ஒரு வரிகூட நான் கற்பனை பண்ணவில்லை. அது தெரிந்தபோது கை ஓடவில்லை. அத்தனை நாள் பார்த்தும், ஒரு நாளாவது கீழே இறங்கிப் போய்க் கார்க் கதவைத் திறந்து ஏம்மா என்று கேட்டதில்லை நான். எனக்கு என் தூக்கம்.

ஆனாலும் எழுதி முடித்தேன். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கண்ணாடிக்காரி சொன்ன மாதிரியே கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன். என் அம்மா இப்போது குணமடைந்துவிட்டார், இனி என் முழுக் கவனமும் படிப்பில்தான் இருக்கும். அழகான இங்கிலீஷ். பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவிடம் காட்டியிருக்க வேண்டியதில்லை. அவளாகத்தான் கேட்டாள். "என்னைப் பத்தி எழுதியிருக்கே, நான் பாக்க வேண்டாமா?" சாப்பிட்ட மேஜையைத் துடைத்துவிட்டு, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி பேனாவோடு உட்கார்ந்தாள். அவளுக்கு இங்கிலீஷ் மெதுவாகத்தான் ஓடும், உதடு அசையும். நான் எதிரே நின்றேன். அங்கிருந்து போய்விட்டால் தேவலை போல இருந்தது, போக முடியவில்லை.

இரண்டாவது பக்கத்தில் ஒரு இடத்தில் பேனா நின்றது. ஒரு வார்த்தையை அடித்து மேலே எழுதினாள்.

"அரை மணி நேரம் இல்ல. நாப்பது நிமிஷம்."

நான் குனிந்து அவள் எழுதியதைப் பார்த்தேன்.

"கார்ல கடியாரம் இருக்குதே. பாத்துட்டுத்தான் உக்காந்திருப்பேன். நாப்பதானா எந்திரிச்சிருவேன். இல்லாட்டி நீயும் அப்பாவும் தேடுவீங்கன்னு." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ பாத்துட்டு இருந்தேன்னு எனக்குத் தெரியாது."

மன்னிச்சுக்கம்மா என்று வாய் வரைக்கும் வந்தது. எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்குப் பழக்கம் கிடையாது, வெளியே வரவில்லை.

அவள் படித்துக்கொண்டே போனாள். கடைசிப் பத்திக்கு வந்தாள். ஒரு தடவை படித்தாள், இன்னொரு தடவையும் படித்தாள். கோபமோ கேலியோ அவள் முகத்தில் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"எனக்கு எப்பச் சரியாச்சு, கண்ணு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அப்படித்தாம்மா முடிக்கணும். முடியாத பிரச்சினைன்னா எடுக்க மாட்டாங்களாம்."

"ஓ" என்றாள். பேனாவை மூடினாள். "அப்படின்னா இருக்கட்டும்."

நாற்பது நிமிஷம் என்று திருத்தி அனுப்பினேன். கடைசிப் பத்தியில் கை வைக்கவில்லை. மே மாதம் இடம் கிடைத்தது. அப்பா ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார். ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் என்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டு அவ்வளவு தூரம் திரும்பிப் போனார்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அம்மா ஷிஃப்டுக்குப் போனாள். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் போனாள்.