அம்பு விடாத மாமா

அந்த வெள்ளிக்கிழமையை என்னால் துல்லியமாகக் குறிக்க முடியும். எனக்குப் பத்து வயது முடிந்து ஆறாவது வாரம். ஐந்தாம் வகுப்பின் இரண்டாம் பருவம். அமீரகத்தில் வார விடுமுறை வெள்ளி சனியாக இருந்த காலம். அப்போது முதலே டைரி எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அன்றைய பக்கத்தில் கேக்கின் நிறத்தைக்கூடக் குறித்திருக்கிறேன். மாமாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. துபாயில் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் தங்கி, கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை பார்த்தார். வெள்ளிதோறும் பஸ் பிடித்துக் கராமாவில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அதற்கு முன்பு கல்வராயன் மலையில் இருந்தவர். மரவள்ளிக் காட்டை அழிக்கும் பன்றிகளை, சட்டம் தடுத்தும் கேளாமல், மூங்கில் வில்லோடு பதுங்கி வேட்டையாடியவர். ஊரிலேயே பெரிய வில்லாளி அவர்தான் என்று அம்மா சொல்வாள். பெரிய வில்லாளி ஆவதற்கு என்ன வேண்டும் என்று ஒருநாள் அவரிடமே கேட்டேன்.

“அம்பு விடாம வூட்டுக்கு வரத் தெரியணும் பாப்பா. சந்தேகத்துல வுட்டா, அடிபட்ட பன்னி எங்கியாவது மூணு நாளு கெடந்து சாவும்” என்றார்.

இதை வகுப்பில் சொன்னால் யாரும் வாய் பிளக்கப் போவதில்லை. ஆகவே நான் ஒரு சிறுத்தையைச் சேர்த்துக்கொண்டேன். பிறகு இரண்டு சிறுத்தைகள். என் வேட்டைக்கார மாமாவுக்கு வகுப்பில் நல்ல பெயர் இருந்தது.

அந்த வெள்ளியன்று தோழியின் பிறந்தநாள். ஒரு கிளப்பில் விருந்து. அப்பாவுக்கு டூட்டி இருந்ததால் என்னைக் கூட்டிக்கொண்டு போகும் வேலை மாமாவுக்கு வந்தது. யாரோ கொடுத்த பெரிய சட்டை, நகக் கண்களில் துரு. கிளப் வாசலிலேயே நான் நாலடி முன்னால் நடக்கத் தொடங்கிவிட்டேன். அவர் யார் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அங்கே விளையாட்டுக்கு அம்பு எய்யும் இடம் ஒன்று இருந்தது. இருபது அடி தூரத்தில் பலகை, அதன் பின்னால் ஒரு கறுப்புத் திரை. தோழியின் அப்பா கலகலப்பானவர்; பெரியவர்கள் ஒவ்வொருவர் கையிலும் வில்லைத் திணித்தார். மாமா அதை வாங்கி ஒருமுறை எடை பார்த்தார். அவர் முதுகு நிமிர்ந்த விதமே வேறாக இருந்தது. முதல் அம்பு நடுவில் தைத்ததும் ‘இவர்தான்’ என்று அறிவித்துவிடலாம் என்று காத்திருந்தேன்.

நாணை இழுத்தார். அப்படியே நின்றார். பிறகு மெல்லத் தளர்த்தி வில்லைக் கீழே இறக்கினார்.

“பின்னால ஆளு இருக்கு சார்” என்றார்.

யாரும் இல்லை, யல்லா பாய், ஜல்தி என்று அவசரப்படுத்தினான் அங்கே வேலை பார்த்தவன். மாமா வில்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பயந்துவிட்டார் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். இவர்தான் அந்தச் சிறுத்தை மாமாவா என்று தோழி ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை, அப்பா ஆபீஸ் டிரைவர் என்று நானும் ஆங்கிலத்தில் சொன்னேன். மாமா இரண்டு கை தூரத்தில் நின்றிருந்தார்.

கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். கடைசியாகப் போன நான் திரும்பிப் பார்த்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து ஒருவன் கை நிறைய அம்புகளோடு வெளியே வந்துகொண்டிருந்தான். அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அன்று முழுவதும் நேரம் இருந்தது.

விருந்து முடிந்ததும் தோழியின் அம்மா தங்கள் காரில் எங்களைக் கராமாவில் விடுவதாகச் சொன்னார். சென்னைக்காரர். நீங்க இவங்களுக்குச் சொந்தமா என்று மாமாவைக் கேட்டார். என் காது சுட்டது.

“இல்லீங்க மேடம், சார் ஆபீஸ்ல டிரைவருங்க” என்றார் மாமா.

காரில் முன் சீட்டில் உட்கார்ந்தார். இறங்கும்போது எனக்குக் கதவைத் திறந்துவிட்டு, “எறங்குங்க பாப்பா” என்றார். கார் போனபின், கையில் வைத்திருந்த என் பையைக் கொடுத்துவிட்டு, கேம்ப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மாடி ஏறாமலே போய்விட்டார். அம்மா அவருக்காகக் கறிக்குழம்பு வைத்திருந்தாள். மாமாவுக்குத் திடீரென்று டூட்டி என்றேன்.

பிற்காலத்தில் வில்வேட்டை பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நெருங்கிப் போவது, காற்றை அறிவது, தன்னை மறைத்துக்கொள்வது என்றே எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. மாமா அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை என்பது மட்டுமே தெரிந்தது. தப்பித்தேன் என்று இருந்தேன்.

அடுத்த வெள்ளிகளிலும் அவர் வந்தார். ஒரு வெள்ளியன்று தோழிகள் எங்கள் வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். படியில் காலடி கேட்டுக் கதவுத் துளை வழியே பார்த்தேன். மாமா வாசலில் நின்று, அங்கே கிடந்த சின்னச் செருப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மணி அடிக்கவில்லை. சத்தமில்லாமல் படியிறங்கி, எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். தோழிகள் எல்லோரும் கார் ஏறிப் போனபின்தான் மேலே வந்தார்.

மாமாவுக்குக் கூச்சல் பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.