கொலுவுக்கு நான்கு கிரெடிட்

இந்த நவராத்திரியில் ஒன்பது மாலையும் ஃபிளாட் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் எண்ணிக்கை... பூஜ்யம்.

எழுபத்து மூன்று வயதில் சமயவியலில் எம்.ஏ. படிப்பதாக இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். பட்டத்துக்கு அறுபத்து நான்கு கிரெடிட் வேண்டும். முக்கால்வாசி வகுப்புக்காவது போக வேண்டும் — நான் ஒன்றுகூட விடவில்லை. வீட்டில் என்ன வேலை? அறுபது கிரெடிட் தேறிவிட்டது. மிச்சம் நான்கு, களப்பணிக்கு. ஒரு வீட்டுச் சடங்கைப் பதிவு செய்து, அதற்கு வந்த வெளியாட்கள் மூன்று பேரிடம் பேசி, கையெழுத்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டம் கிடையாது.

“உங்க வீட்லயே கொலு வைங்களேன் ஸார். மூணு பேர் வரமாட்டாங்களா?” என்றார் பேராசிரியை.

மூன்று பேர் என்ன பிரமாதம்? கொல்கத்தா துறைமுகக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது ஒரு மாலைக்கு இருபது பேர் வருவார்கள். மனைவி போனபின் மூன்று வருடமாகப் பெட்டியில் கிடந்த பொம்மைகளை எடுத்தேன். நாற்பத்து மூன்று. ஐந்து படி. லேக் மார்க்கெட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள். தினம் ஒரு சுண்டல்.

ஆனால் துர்கா பூஜை சமயத்தில் இந்த பெஹாலாப் பக்கம் யார் வீட்டில் இருக்கிறார்கள்? எங்கள் கட்டடத்தில் பதினாறு வீடு. சாயந்திரமானால் பதினைந்திலும் பூட்டு. எல்லோரும் பந்தல் பந்தலாக துர்க்கையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

ஏழாம் நாள், மீந்த சுண்டலைத் தின்றுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அந்த இருபது பேரும் தானாகவா வந்தார்கள்? நாலு மணிக்கே குங்குமச் சிமிழோடு கிளம்பி, ஒவ்வொரு வீடாக ஏறி அழைத்துவிட்டு வருவாளே அவள்! நான் வந்த தலைகளை எண்ணினேன். அவள் ஏறி இறங்கிய படிகளை எண்ணியதே இல்லை.

தெரிந்த பிறகாவது ஒரு கதவைத் தட்டினேனா? இல்லை. கூச்சம்.

தசமி இரவு, வழக்கப்படி ஒரு பொம்மையைப் படுக்க வைத்தேன். கொலு முடிந்தது, பட்டமும் முடிந்தது என்று நினைத்தபோது வாசலில் பேச்சுக் குரல். எதிர்வீட்டுப் பெண், அவள் கணவர், மாமியார். கையில் தேங்காய் உருண்டை. துர்க்கையை ஆற்றில் கரைத்ததும் பெரியவர்களைப் பார்த்து வணங்குவது இங்கே வழக்கம்.

“மூணு வருஷமா தசமிக்கு உங்க கதவு சாத்தியே இருந்துச்சு மேஷோமஷாய். இந்தத் தடவை தினமும் திறந்திருந்துச்சு. அதான் தைரியமா வந்தோம்,” என்று, வங்காளத்தில் பெரியப்பா முறை சொல்லிக் காலைத் தொட்டாள். பிறகு கொலுவைப் பார்த்தாள். “அது ஏன் ஒண்ணு மட்டும் படுத்திருக்கு? உடம்பு சரியில்லையா?”

“ஒன்பது நாள் நின்ன அலுப்பு. தூங்குது.”

“குடுத்துவச்சவர் நீங்க,” என்றார் மாமியார். “எங்க துர்கா கிளம்பியே போயிட்டா. உங்காளு வீட்லயே தூங்குறா.”

படிவத்தை நீட்டினேன்.

மூன்று கையெழுத்து. பதினொரு வருடமாக எதிர்வீட்டில் இருக்கும் அந்தப் பெண்ணின் பெயரை அந்தத் தாளில்தான் முதன்முறையாகப் படித்தேன்.

நான்கு கிரெடிட்டும் வந்துவிடும் என்கிறார் பேராசிரியை. பொம்மைகளை எண்ணிப் பெட்டியில் வைத்தேன். நாற்பத்து மூன்று, சரி. குங்குமச் சிமிழை மட்டும் மேஜைமேல் விட்டிருக்கிறேன்.

அடுத்த வருடம் யார் கையெழுத்தும் எனக்குத் தேவைப்படாது... எந்தச் சாக்கைச் சொல்லிக் கதவைத் தட்டுவேன்?