சைனபுக்குக் கொடுத்த மாடு

ஒண்டிக்கடையில் மிளகு வியாபாரம் செய்யும் கனி ராவுத்தர்தான் எங்கள் பள்ளிவாசலில் ஏழைகளுக்கான ஜகாத் பணத்தைப் பார்த்துக்கொள்கிறார். ஆளுக்கொரு சேலை கொடுத்தால் அடுத்த ரமலானுக்கும் அவர்களே வந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று, போன வருஷம் மாரமங்கலத்து விதவை சைனபுக்குக் கறவைமாடு வாங்கிக் கொடுத்தார். அவளோ சீக்கிரமே அதை விற்றுவிட்டாள்.

"ஏனுங்க ராவுத்தரே, உங்க மாடு சந்தைக்குப் போயிருச்சாமே! காசைத் திருப்பி வாங்குங்க," என்று சத்தம் போட்டார் கறிக்கடை ஜப்பார்.

"குடுத்தன்னைக்கே அது அந்தப் புள்ளையோட சொத்துங்க. கேக்க நாம யாருங்க?" என்றார் ராவுத்தர். ஆனாலும் அவள் மறுபடி கையேந்த வேண்டி வந்துவிடக் கூடாது என்று தொழுகைதோறும் துஆ கேட்டார்.

சைனபு அந்தப் பணத்தில் மிளகுக் கொடிகளைக் குத்தகைக்குப் பிடித்திருந்தாள். அல்லாஹ் பரக்கத் செய்தான்; கொடிகள் நன்றாகக் காய்த்தன. இந்த ரமலானில் ராவுத்தர் ஜகாத் பணத்தோடு அவள் வீட்டுக்குப் போனபோது, "எனக்குப் போதுமுங்கண்ணா, வேற இல்லாதவங்களுக்குக் குடுங்க," என்றாள். ராவுத்தருக்குக் கண் கலங்கிவிட்டது.