சமையலறை ஜன்னலில் அப்பாவின் கை

மகளின் எக்ஸ்ரேயை ஆஸ்பத்திரித் திரையில் பார்த்ததும், நாடு விட்டு வந்து வால்தம்ஸ்டோவில் நாங்கள் முதலில் இருந்த வீட்டின் சமையலறை ஜன்னல் நினைவுக்கு வந்தது.

அந்தக் கண்ணாடியில்தான் அப்பாவின் எக்ஸ்ரே படத்தை வைத்துப் பார்ப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து அவர் கொண்டுவந்த கறுப்புப் படம்; பெட்டிக்குள் கிடந்த பூச்சி உருண்டை மணக்கும். எலும்புகளுக்கு ஊடாகப் பக்கத்து வீட்டு மரம் தெரியும். முன்கையில் இரண்டு எலும்புகள். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவில் குறுக்காக முறிந்திருந்தது. அப்பா கையை நீட்டித் தொட்டுப் பார்க்க விடுவார். ஒட்டிய இடம் தோலுக்கடியில் சிறு மேடாகத் தட்டுப்படும்.

"எப்பிடி அப்பா முறிஞ்சது?"

"சைக்கிளிலை இருந்து விழுந்தனான்."

எத்தனை தரம் கேட்டாலும் அதே பதில்தான். அம்மா அடுப்பைப் பார்த்தபடி நிற்பார்.

மகளும் சைக்கிளிலிருந்துதான் விழுந்தாள். ஆனால் அவளுக்கு மணிக்கட்டில் முறிவு. அப்பாவின் கதையைச் சொல்லி, ஏன் இந்த வித்தியாசம் என்று சென்னைக்கார டாக்டரிடம் கேட்டேன்.

"விழும்போது உள்ளங்கையை ஊனுவோம், அதனால மணிக்கட்டுலதான் பெரும்பாலும் உடையும். அந்த ஒரு எலும்பு மட்டும் நடுவுல உடைஞ்சா, அனேகமா அடியைத் தடுக்கக் கையைத் தூக்கியிருப்பாங்க," என்றார்.

கட்டுப் போட்டு முடிந்ததும் அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"பிள்ளைக்கு எவடத்திலை முறிஞ்சது?"

"மணிக்கட்டிலை, அப்பா."

"ஓம்," என்றார். "விழுந்தா அவடத்திலைதான் முறியும்."