ஸ்கேன் அறைக்குள் போன இஸ்திரிப் பெட்டி

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க வருகிறவர்களிடம் நான் கேட்கும் கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. உடம்புக்குள் கம்பி, தகடு, ஆணி ஏதாவது வைத்திருக்கிறார்களா. நெஞ்சில் பேஸ்மேக்கர் உண்டா. கண்ணில் எப்போதாவது வெல்டிங் பொறி விழுந்ததா. அரைஞாண் கயிற்றில் தாயத்து இருக்கிறதா. இருந்தால் கழற்ற வேண்டும், அறைக்குள் இருப்பது பெரிய காந்தம். கடைசிக் கேள்வி மட்டும் எந்தத் தாளிலும் அச்சடித்ததில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டது. "குற்றாலத்துல குளிச்சிருக்கீங்களா?"

தென்காசியில் இந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதன்பிறகு என் வேலை எளிது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள், இந்த மிஷின் போடும் இரைச்சல்தான் ஐந்தருவி, நீங்கள் அதன் அடியில் நிற்கிறீர்கள், நான் கூப்பிடும்வரை வெளியே வரவேண்டாம் என்பேன். நன்றாகவே பொருந்தும். அருவிக்கு அடியில் நிற்கிறவர் எப்படியும் கண்ணைத் திறக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழாது. ஏ.சி. குளிர் வேறு. கணவர் துபாயில் இருக்கும் ஓர் அம்மா, மூடிய இடம் என்றாலே நடுங்குகிறவர், ஸ்கேன் முடிந்து வெளியே வந்ததும் சிரிக்காமல் கையை நீட்டினார். "துண்டு எங்கட்டி? தலை துவட்டணும்லா."

இந்த வித்தையை நான் முதலில் எனக்காகத்தான் பழகினேன். மனசு பதறும்போது போய் நிற்பதற்கென்று சில இடங்கள் வைத்திருக்கிறேன். சீலிங் ஃபேன் ஒன்றைக் கழற்றி, திருகாணிகளை அளவுவாரியாகச் செய்தித்தாளில் பரப்புவது ஒன்று. சுரண்டை சந்தையில் ஒரு கூடைத் தக்காளியைப் பழுப்பு வாரியாகப் பிரிப்பது இன்னொன்று. செய்முறைத் தேர்வில் கை நடுங்கியபோதும், மிஷின் நடுவில் நின்றுபோய் வெளியே நோயாளிகள் சத்தம் போட்டபோதும் இவைதான் காப்பாற்றின. பார்க்கிறவர்கள் என்னைப் பதறாத பிள்ளை என்பார்கள். உள்ளே நான் தக்காளி பிரித்துக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது.

அப்பாவுக்கு முதலில் சட்டைப் பொத்தான்தான் வழுக்கியது. போலீஸில் ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்றவர், கைக்காரியத்தில் பிசகாதவர். பிறகு சோற்றுப் பருக்கைகள் விரலிடுக்கில் சிந்தத் தொடங்கின. ஒருநாள் மேலகரம் கடைத்தெருவில் ஒரு காலில் செருப்பில்லாமல் நடந்து வீட்டுக்கு வந்தார். செருப்பு கழன்றது காலுக்குத் தெரியவில்லை. திருநெல்வேலியில் பார்த்த அறுவை மருத்துவர் முழங்காலைத் தட்டியும் விரல்களை மடக்கச் சொல்லியும் பார்த்துவிட்டு, கழுத்தில் தண்டுவடம் நசுங்குகிறது என்று சந்தேகப்பட்டார். போன பலம் திரும்புவது சந்தேகம், இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமென்றால் சீக்கிரம் அறுவை செய்ய வேண்டும், எங்கே நசுங்குகிறது என்று படம் பார்க்காமல் கத்தி வைக்கமாட்டேன் என்றார்.

படம் எடுக்க அப்பா படுக்கவில்லை. அங்கேயே ஒரு ஸ்கேன் மையத்தில் முயன்றார்கள். கழுத்துப் படத்துக்குத் தலை முதலில் உள்ளே போக வேண்டும். முகத்துக்கு மேல் கூடு மாதிரி ஒரு கவசம் பூட்ட வேண்டும். படுக்கை உள்ளே நகர்ந்ததும் அவர் எழப் பார்த்திருக்கிறார். மூக்கில் சிராய்ப்போடு வீடு வந்து சேர்ந்தார். மயக்க ஊசி போட்டு எடுக்கலாமா என்று கேட்டோம். அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் தொந்தரவு உண்டு. அறுவை அரங்கில் மூச்சுக்குழாய் போட்டு, மருத்துவர் தலைமாட்டிலேயே நின்று மயக்கம் கொடுப்பது வேறு, குழாய்க்குள் தனியாகக் கிடப்பவருக்குக் கொடுப்பது வேறு என்று மறுத்துவிட்டார்கள்.

ஆகவே என் மிஷினுக்கு அழைத்து வந்தேன். என் மிஷின், என் கை, என் வித்தை. எனக்குச் சந்தேகமே இல்லை.

சீசன் தொடங்கிச் சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலை அது. அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என்னோடு வேலை பார்க்கும் மூத்த டெக்னீசியனை நாங்கள் அண்ணாச்சி என்போம். முன்பதிவு செய்தவர்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒதுக்கித் தந்தது அவர்தான். அப்பா படுக்கையில் உட்கார்ந்து குழாயின் வாயை நிதானமாகப் பார்த்தார். குற்றவாளியைப் பார்க்கிற பார்வை.

"இந்தச் சவத்துக்குள்ளயா நீ தெனமும் ஆளப் பிடிச்சுத் தள்ளுத?"

நான் சிரிக்காமல் கேள்விகளைக் கேட்டேன். குற்றாலக் கேள்வியை மட்டும் அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து, தாங்க முடியாவிட்டால் அழுத்தச் சொன்னேன். அழுத்திப் பார்த்தார். மணி அடிக்கவில்லை. இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தியபோதுதான் அடித்தது. பந்தை அவர் வயிற்றின் மேல், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்தேன். பிறகு என் வாசகத்தைச் சொன்னேன். கண்ணை மூடுங்க எப்பா, இது ஐந்தருவி, நீங்க அதுக்கடியில நிக்கீங்க.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். படுக்கை உள்ளே போனது. அவர் எழவில்லை. முதல் இரைச்சல் தொடங்கியது, சீரான தட்டல். கேமராவில் அவர் பாதங்கள் அசையாமல் கிடந்தன. அண்ணாச்சி பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். அடுத்த படத்துக்கு மிஷின் மாறியது. இரைச்சல் சட்டென்று கூடிக் கனத்தது. அந்த நொடியிலேயே மணி அடித்தது. பாதங்கள் உதைத்தன. தோள்கள் குழாய்ச் சுவரில் மோதும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. நான் ஓடிப்போய்ப் படுக்கையை வெளியே இழுத்துக் கவசத்தைக் கழற்றினேன். முகமெல்லாம் வியர்வை. என்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளெல்லாம் வெளிய போய்ட்டாவளா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. யார் எப்பா என்றேன். கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார்.

"தண்ணி எரைச்சல் கூடுச்சுல்லா. கூடுச்சுன்னா விசில் ஊதி ஆள வெளியேத்தணும்."

அப்போதுதான் உறைத்தது. அவருடைய உத்தியோகத்தில் பாதி சீசன்கள் குற்றாலத்து அருவிகளில் பந்தோபஸ்து. எந்த நேரத்தில் தண்ணீர் நிறம் மாறும், எப்போது சருகும் குச்சியும் சேர்ந்து வரும், எப்போது சத்தம் கனக்கும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கும் வேலை. ஊரே தலையைக் கொடுத்து மறந்து நிற்கிற இடத்தில் மறக்காமல் நிற்பதற்குச் சம்பளம் வாங்கியவர். அருவிக்குப் பக்கத்திலேயே மேலகரத்தில் வீடு இருந்தும் சீசனில் எங்களை அவர் ஒருநாளும் அருவிக்குக் கூட்டிப்போனதில்லை. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும், எல்லோருக்கும் சொல்வதையே அவருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

"ஏட்டி, நான் எந்த சீசன்ல அருவிக்கு அடியில நின்னேன்? நான் நின்னதெல்லாம் அருவியப் பாத்துல்லா."

அண்ணாச்சி என்னைத் தனியே கூப்பிட்டார். வெளியே இரண்டு பேர் காத்திருக்கிறார்கள், விபத்தில் அடிபட்ட ஒருவரை அனுப்புவதாகவும் போன் வந்திருக்கிறது, இன்னும் ஒரு தடவை பார்ப்போம், முடியாவிட்டால் மயக்கம் கொடுத்து எடுக்கும் பெரிய ஆஸ்பத்திரியாக மதுரையில்தான் பார்க்க வேண்டும் என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அங்கே இடம் கிடைத்து, மயக்க மருத்துவர் சம்மதித்து, அதற்குள் அப்பாவின் கை எதுவரை போயிருக்கும் என்றுதான் எனக்கு ஓடியது. பந்தை ஒரு கையால் அழுத்த முடியாதவர் அடுத்து எதை விடுவார்?

திரும்பிப் போய், தக்காளிக் கூடையைச் சொல்லலாமா, ஃபேனைச் சொல்லலாமா என்று வாயெடுத்தேன். இரண்டும் என் இடங்கள். அவர் அங்கே போனதில்லை. வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் அவரிடமே கேட்டேன். ஸ்டேஷனில் திட்டு வாங்கிவிட்டு வந்தால், ராத்திரி ரோந்துக்கு முன்னால், மனசு சரியில்லாத நாளில், நீங்கள் என்ன செய்வீர்கள்?

அவர் யோசித்தார். கவசத்தைக் காட்டி, "பூட்டு" என்றார். "நீ ஒண்ணும் சொல்லாத. நான் பாத்துக்கிடுதேன்."

மறுபடி கண்ணாடிக்கு இந்தப் பக்கம். மறுபடி சீரான தட்டல். இப்போது பதறியது நான். ஃபேனைக் கழற்றப் பார்த்தேன், திருகாணி ஒன்றும் கையில் நிற்கவில்லை. சந்தைக்குப் போனேன், கூடை காலி. கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றின் மேல் இருந்த அவர் வலது கையின் விரல்கள் லேசாக முன்னும் பின்னும் நகர்ந்தன. கழுத்து அசைந்தால் படம் கலங்கிவிடும். கழுத்து அசையவில்லை. விரல்கள் மட்டும் போய்ப் போய் வந்தன. அடுத்தது அந்தக் கனத்த இரைச்சல். அது தொடங்கும்முன் பொத்தானை அழுத்தி மைக்கில் கேட்டேன்.

"எப்பா, நல்லா இருக்கீங்களா?"

"பேசாத. காலர்ல இருக்கேன்."

"எங்கன?"

"சட்டைக்கு இஸ்திரி போடுதேம்மா. காலர் முடியட்டும். கருகிரும்."

அண்ணாச்சி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "தாயத்தக் கூட விடமாட்ட நீ. ஒங்கப்பா இஸ்திரிப் பெட்டிய உள்ள கொண்டு போய்ட்டாரே" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்பாவின் காக்கிச் சட்டையை வீட்டில் யாரும் தொட முடியாது. கஞ்சி போடுவதும் காயவைப்பதும் தேய்ப்பதும் அவரேதான். கையில் பலம் குறைய ஆரம்பித்த பிறகு, தொட்டுச் சூடுபட்டுக்கொள்வார் என்று அம்மா பெட்டியைப் பரணில் தூக்கி வைத்துவிட்டாள். அதை இப்போது அவர் இறக்கிவிட்டார்.

இரைச்சல் தொடங்கியது. பாதங்கள் அசையவில்லை. நானும் அவரோடு போனேன், வேறு வழி தெரியாமல். காலருக்குப் பிறகு தோள்பட்டையின் பட்டி. அது சுருங்கிக்கிடக்கும், நுனியிலிருந்து உள்ளே தள்ள வேண்டும். பிறகு கை. இரண்டு தையலையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மடிப்பு கத்தி மாதிரி விழவேண்டும். ஒரு கையில் மடிப்பு பிசகியதோ என்னவோ, அவர் விரல் ஓரிடத்தில் நின்று, திரும்பிப் போய், மறுபடி வந்தது. நானும் நின்று, திரும்பிப் போய், வந்தேன். என் மூச்சு ஒழுங்குக்கு வந்திருப்பதைக் கவனித்தேன். சட்டையின் முதுகுக்கு வந்தபோது திரையில் படங்கள் வரத் தொடங்கின.

நல்ல கழுத்தில் தண்டுவடத்தின் இருபுறமும் நீர் வெள்ளைக் கோடாக இறங்கும். அப்பாவின் படத்தில் அந்தக் கோடு நடுவில் அறுந்திருந்தது. அந்த இடத்தில் தண்டுவடம், கட்டி இறுக்கிய கயிறு மாதிரி ஒடுங்கி நின்றது. படம் தெளிவாக இருக்கிறதா, கலங்கல் உண்டா என்று மட்டும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். கலங்கல் இல்லை. முதுகை முடித்துவிட்டு அவர் அடுத்த சட்டையை எடுத்திருக்க வேண்டும்.

வெளியே இழுத்தபோது நெற்றி உலர்ந்திருந்தது. எழுந்து உட்கார்ந்ததும் என் முகத்தைத்தான் பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"டாக்டர் பாத்துச் சொல்லுவாங்க எப்பா."

எங்கள் தொழிலில் எல்லோரிடமும் சொல்வது இதுதான். படம் எடுப்பது நாங்கள், சொல்வது மருத்துவர்.

"நானும் ஸ்டேஷன் வாசல்ல நின்னுக்கிட்டு, அய்யா வந்து சொல்லுவாருன்னு எத்தனையோ பேருகிட்ட சொல்லிருக்கேன்" என்றார். "நல்ல சேதின்னா நானே சொல்லிருப்பேன்லா."

நான் அவர் செருப்பைக் காலில் மாட்டிவிடக் குனிந்தேன். நிமிராமலே, படம் தெளிவாக வந்திருக்கிறது, அறுவைக்கு இதுபோதும் என்றேன். அது பொய்யில்லை. அவர் அதற்குமேல் கேட்கவில்லை. வாசலுக்கு வந்த அம்மாவிடம், மிஷின் ஒன்றும் அவ்வளவு மோசமில்லை என்று சொல்லிக்கொண்டே சக்கர நாற்காலியில் உட்கார்ந்தார்.

படங்களை அனுப்பி வைத்தேன். மத்தியானத்துக்கு முன்பே திருநெல்வேலியிலிருந்து மருத்துவர் கூப்பிட்டார். நாளைக்கே வந்து சேர்ந்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம் என்றார். என்ன எதிர்பார்க்கலாம் என்று கேட்டேன். கால் நிற்கும் என்று நினைக்கிறேன், கைவிரல்களைப் பற்றி இப்போது சொல்லமுடியாது என்றார்.

வெளியே சாரல் வலுத்திருந்தது. அப்பா பெஞ்சுப் பக்கம், கண்ணாடிக் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நாளைக்குப் போக வேண்டும் என்பதையும், கால் நிற்கும் என்பதையும் சொன்னேன். விரல்களைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். மறைக்கவில்லை. அம்மா முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அப்பா தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்.

"அங்கனயும் இப்படி முழிச்சிட்டுப் படுக்கணுமா?"

"இல்ல எப்பா. மயக்கம் குடுத்திருவாங்க. ஒண்ணும் தெரியாது."

அவர் முகம் மாறியது. குழாய்க்குள் போகும்போதுகூட அப்படியொரு பயத்தை நான் அதில் பார்க்கவில்லை.

"அப்ப பெட்டிய யாரு பிடிப்பா?"

"நான் பிடிச்சுக்கிடுதேன். வெளிய உக்காந்து."

"ஒனக்குக் கை மடிப்பு நேரா வராதே."

"கோணலா இருந்தா எந்திரிச்சு வந்து நீங்களே திருத்துங்க."

அவர் வலது கையை மடியில் திருப்பி வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்க்கத் தொடங்கினார். சுண்டுவிரல் மட்டும் வரவில்லை. அதை இடது கையால் பிடித்து மடக்கினார். அண்ணாச்சி உள்ளேயிருந்து அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார். நான் உள்ளே போனேன்.