வீட்டுக்குப் போய்ச் சொல்கிறோம்

யார் வீட்டுக்குப் போனாலும் என் கண் முதலில் கூரைப் பக்கம்தான் போகும். கல்யாண வீடாக இருந்தாலும் சரி, இழவு வீடாக இருந்தாலும் சரி, மூலையில் பழுப்பாக ஒரு கறை தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுவேன். "வந்தமா, மனுசங்க மொகத்தப் பாத்தமான்னு இல்ல, செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க" என்று மனைவி முழங்கையால் இடிப்பாள். கட்டட வேலைகளில் மேற்பார்வையாளனாகப் பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு வருகிற வியாதி இது. மருந்து கிடையாது.

இந்த வியாதியால் எனக்கு ஒரு மரியாதையும் கிடைத்திருக்கிறது. கண்டியைச் சுற்றி எங்கள் சொந்தத்தில் யார் வீடு வாங்கப் போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். எங்கள் ஆட்களுக்கு வீடு வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்து, டவுனுக்கு வந்து, வாடகை வீடு வாடகை வீடாக மாறி, கடைசியில் சொந்தப் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதும் நாள் அது. அதில் ஏமாந்துவிடக் கூடாதே என்ற பயம் எல்லாருக்கும் உண்டு.

போய்ப் பார்த்தால் குறைகள் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஒன்றுதான். பாத்ரூம் தரை வாசல் பக்கமாகச் சரிந்திருக்கும். கூரைப் பீலியில் இலை அடைத்து, மழைத்தண்ணீர் சுவருக்குள் இறங்கியிருக்கும். பிறகு மாடி கட்டலாம் என்று நீட்டி விட்ட கம்பி துருப்பிடித்து நிற்கும். விற்கிறவர் ஈரச் சுவருக்கு முன்னால் அலுமாரியை இழுத்து வைத்திருப்பார். நான் அலுமாரிக்குப் பின்னால் மூக்கை நுழைப்பேன். மலைநாட்டு வீட்டுக்கு எதிரி தண்ணீர்தான். அது எங்கே வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்தாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

இதற்கென்று ஒரு முறை இருக்கிறது. பெண் பார்க்கப் போவது மாதிரிதான். சுற்றிப் பார்ப்போம், பால் சேர்க்காமல் கொடுத்த பிளேன்டியைக் குடிப்போம், "நல்லா இருக்குங்க, வீட்டுக்குப் போய்ச் சொல்றோம்" என்று எழுந்து வருவோம். பிடிக்காததை அந்த இடத்தில் சொல்வது மரியாதை இல்லை. ஆட்டோ ஏறி, முதல் வளைவைத் தாண்டிய பிறகுதான் நான் வாயைத் திறப்பேன், அதுவும் கூட்டிக்கொண்டு போனவரிடம் மட்டும். சில நாள் கழித்து வீட்டுக்காரருக்கு ஒரு போன் போகும், "இப்போதைக்குச் சரிவராது போலிருக்குங்க" என்று. ஏன் என்று அவரும் கேட்கமாட்டார். இத்தனை வருடமும் இதை நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன வருடம் மனைவியின் தம்பி கெலிஓயாப் பக்கம் ஒரு வீடு பார்க்கக் கூப்பிட்டான். கம்பளையில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறையில் பிள்ளைகளோடு நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறவன். வீடு மேட்டில் இருந்தது. விற்கிறவர்கள் வயதான முஸ்லிம் தம்பதி. கணவர் புடவைக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர்.

"முழங்காலு ரெண்டும் ஏலாது தம்பி" என்றார். "இந்தப் படிகள்ல ஏறி எறங்க ஏலாமத்தான் விக்கப் பாக்குறோம். மகள் அக்குறணையில ஈக்கா. மகள்ட ஊட்டுக்குப் பக்கத்துல, சமதரையில ஒரு சின்ன ஊடு எடுக்கணும்."

வீட்டின் முன்பக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மச்சினன் அதற்குள் எந்த அறை யாருக்கு என்று பிரிக்கத் தொடங்கிவிட்டான். நான் பின்பக்கம் போனேன். மேட்டை வெட்டி, மண் சரியாமல் கருங்கல்லில் சுவர் எழுப்பியிருந்தார்கள். மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர் வெளியே வர, சுவரில் ஆங்காங்கே பைப் துண்டுகள் வைத்திருந்தார்கள். அதுவரை சரி. ஆனால் பாதிப் பைப்புகளில் வேர் புகுந்து அடைத்துவிட்டிருந்தது. மற்றவற்றிலிருந்து தண்ணீர் வடிந்து, சுவர் முழுக்கப் பாசியும் கறுப்புக் கோடுகளுமாகக் கிடந்தது. நடுவில் சுவர் லேசாக வயிறு தள்ளியிருந்தது. அதற்கு நேர் எதிரே, ஓர் ஆள் நடக்கிற இடைவெளி விட்டு, அவர்கள் படுக்கும் அறை.

சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். திரும்பியபோது சமையல் குசினிக் கதவடியில் அந்த அம்மா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன். பிளேன்டியும் இனிப்பு வட்டிலப்பமும் வந்தன. இரண்டாம் துண்டும் வாங்கிச் சாப்பிட்டேன். "வீட்டுக்குப் போய்ச் சொல்றோம் நானா" என்று பெரியவரிடம் சொல்லிவிட்டு வந்தோம்.

வளைவைத் தாண்டியதும் மச்சினனிடம் சொன்னேன். "பின்னுக்கு இருக்கிற சுவர் ஒருநாளைக்கு இடிஞ்சு வரும். பிள்ளைங்கள வச்சிக்கிட்டு இந்த வீடு வேணாம்."

அவன் முகம் வாடிவிட்டது. "நல்ல வேளை மச்சான், ஒங்களக் கூட்டிட்டு வந்தேன்" என்றான். அந்த வார்த்தை எனக்கு இனித்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சில நாளில் வழக்கம்போல "சரிவராது" என்று அவன் போனும் போட்டுவிட்டான். பிறகு மழை பிடித்தது. சாயங்காலத்தில் தொடங்கினால் விடுவதில்லை. போனில் மண்சரிவு எச்சரிக்கை வந்தது. அதைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அறை ஞாபகம் வந்தது. ஜன்னல் ஓரமாகக் கட்டில், அதன் மேல் பூப்போட்ட விரிப்பு. பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று சொன்ன அறையில் இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

சாக்குகளுக்குப் பஞ்சமில்லை. கேட்காத குறையை நாமாகப் போய்ச் சொன்னால் வீட்டைக் கெடுக்க வந்தவன் என்று நினைப்பார்கள். ஊரில் பேச்சுக் கிளம்பினால் அந்த வீடு விலைபோகாது. சுவர் இத்தனை வருடம் நின்றது, இந்த மழைக்கும் நிற்கும். கடைசிச் சாக்கை நானே நம்பவில்லை. மழை கூரையில் விழுந்தால் எனக்கு எரிச்சல் வந்தது. மனைவி மேல் காட்டினேன். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுல யோசிக்கிறதுக்கு என்னங்க இருக்கு? போய்ச் சொல்லிட்டு வாங்க" என்றாள். அப்படியும் மழை விடட்டும் என்று தள்ளிப்போட்டேன். வெட்கம்தான், வேறென்ன.

வானம் வெளுத்த ஒரு காலையில் போனேன். என்னைக் கண்டதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "வாங்கொ தம்பி, வாங்கொ. ஒங்கட மச்சானுக்கு மனசு மாறிட்டா?" என்றவர், நான் பதில் சொல்லுமுன் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

சுவர் வெள்ளை வெளேர் என்று இருந்தது. பாசி இல்லை, கறுப்புக் கோடு இல்லை. பைப் துண்டு ஒன்றைக்கூடக் காணவில்லை.

"அன்டைக்கு நீங்க இந்தச் செவத்தடியில நின்டீங்க தானே? ஒங்கட மொகம் அப்பிடியே மாறிப் போச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் ஈந்தேன். இந்த ஊத்தையக் கண்டுதான் ஒங்களுக்குப் புடிக்கல்லன்டு இவருக்கிட்டச் சொன்னேன். மேசன் பாஸக் கூட்டியந்து, தண்ணி வடியிற பைப் எல்லாத்தையும் அடச்சி, பூசி, பெயின்டும் அடிச்சிட்டோம். இப்ப ஒரு சொட்டு வாராது. பாருங்கொ."

நான் சொல்லாததை அவர் என் முகத்தில் படித்திருக்கிறார்; தப்பாகப் படித்திருக்கிறார். திறந்திருந்த பாதி வழிகளையும் என் முகம் அடைத்துவிட்டது. சுவரின் வயிறு முன்பைவிடப் பெருத்திருந்தது. புதுப் பூச்சில் மயிரிழை போல ஒரு வெடிப்பு.

"ராத்தா, மொதல்ல ரெண்டு பேரும் அந்த அறையில படுக்கிறத விடுங்க" என்றேன் அந்த அம்மாவிடம். எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் கிடக்கிற தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் சுவரைத் தள்ளுகிறது என்றேன். கிராம சேவகரிடம் சொல்லி ஆட்களை வரவழைக்க வேண்டும் என்றேன். அவர் வாயில் கை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய கணவர் காலை இழுத்து இழுத்துப் போய் இரும்பு அலவாங்கைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

அவர்களை முன்பக்கம் அனுப்பிவிட்டு, ஓரமாக நின்று, பைப் இருந்த இடத்தில் பூச்சை உடைத்தேன். சிமெந்துக் கட்டி விழுந்ததும் செம்மண் தண்ணீர் பீறிட்டு என் காற்சட்டையை நனைத்தது. அடுத்ததும் அப்படியே. வெள்ளைச் சுவர் முழுக்கச் சேறு வழிந்தது. பிறகு கட்டிலை முன்னறைக்கு மாற்றினோம். மெத்தையைச் சுருட்டும்போது அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை.

பெரியவர் கதிரையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டார். "அன்டைக்கே தெரியுமா தம்பி?"

இன்றைக்குத்தான் கவனித்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"தெரியும் நானா."

அந்த அம்மா பிளேன்டியை என் முன்னால் வைத்தார். கோபம் காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஒங்கட மச்சானுக்குச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அவரு இந்த ஊட்ட வாங்கவே இல்லயே தம்பி" என்றார் மெதுவாக. "அந்தச் செவத்துக்குக் கீழ படுத்தது நாங்க தானே."

பின்பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய்ச் சொல்கிறேன் என்று எழுந்து வர முடியாத கேள்வி அது. பிளேன்டி ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.