மைக்காரரின் ஆட்டோ

இருபது வருஷமாக ஆட்டோவில் மைக் கட்டி ஆளுங்கட்சிக்காகத் தொண்டை கிழியக் கத்தியவரை ஊரே மைக்காரர் என்றுதான் கூப்பிடும். சொந்தத் தெருவுக்குள் நுழைந்தால் சத்தத்தை இன்னும் ஒரு திருகு கூட்டிவிடுவார். பெண்டாட்டி கேட்க வேண்டாமா?

இந்தத் தேர்தலில் அவருக்கே நாக்குக் கூசியது. போன தேர்தலில் பேசிய பதிவை ஓடவிட்டு, ஆட்டோவை மட்டும் ஓட்டினார். பெட்ரோல் பங்க் வாசலில், மூன்று தெரு நீண்ட வரிசைக்கு எதிரே, பெட்ரோல் தீர்ந்து வண்டி நின்றது. அவர் குரல் நிற்கவில்லை.

"நம்ம ஆட்சியில எதுக்குமே தட்டுப்பாடு கிடையாது!"

கல் வரும் என்று குனிந்துகொண்டார். யாரும் எறியவில்லை, சிரிக்கவும் இல்லை. அவர் ஆட்டோவுக்காகக் காலையிலிருந்து வரிசையில் நின்ற மனைவிதான் கத்தினாள்.

"அந்தக் கருமத்தை நிறுத்தித் தொலைங்க! ஆளுக்கு ஒரு லிட்டர்தானாம். நீங்களும் கடைசியில போய் நில்லுங்க."

வயரைப் பிடுங்கிவிட்டுக் கேனோடு போனார். கடைசி ஆளாக நின்றிருந்தவர் கட்சியின் வட்டச் செயலாளர். மைக்காரரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையிலிருந்த கேனுக்கு மூடி இல்லை. அதன் வாயைக் கட்சிக் கொடியைச் சுருட்டி அடைத்திருந்தார்.